பொறி காணா நிரல்

கணினியே இல்லாத காலத்தில் கணினிக்கு நிரல் எழுதிய பெண்மணி அடா லவ்லேஸ் அம்மையார். நிரல் எழுதப் பழகிவரும் மாணவருள் ஒருவனாகிய நான், அவர் வாழ்க்கையைப் படித்துப் பெற்ற பயனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஆங்கிலக் கவிஞர் பைரனின் மகளாக 1815 டிசம்பர் 10-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார் அடா. சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். 1816-இல் நாட்டை விட்டு நீங்கிய தந்தை மகளைப் பிறகு காணவே இல்லை. தாயார் மகளுக்கு இளமையிலேயே கணிதம் பயிற்றுவித்தார். பன்னிரண்டு வயதில் பறக்கும் பொறி செய்ய எண்ணிப் பறவைகளின் சிறகுகளை ஆராய்ந்தார் அடா. 1829-இல் தட்டம்மை கண்டு நெடுநாள் நடக்க இயலாமற் கிடந்தபோதும் கல்வியைக் கைவிடவில்லை.

1833-இல் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். துளையிட்ட அட்டைகளின் ஆணைப்படி பலவகைக் கணக்குகளையும் செய்யவல்ல பகுப்புப் பொறி ஒன்றைப் பாபேஜ் பின்னர் வகுத்தார். ஜக்கார்டு தறியின் அட்டைகளே அதற்கு வழிகாட்டி. அப்பொறி கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லை.

1835-இல் மணம் புரிந்து மூன்று மக்களுக்குத் தாயான பின்னரும் அம்மையார் பேராசிரியர் டி மார்கனிடம் கணிதம் பயின்றார். மெனப்ரியா என்பார் அப்பொறியைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை மொழிபெயர்த்து, மூலத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு குறிப்புகளும் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். இறுதிக் குறிப்பில், பெர்னூலி எண்களைப் பொறி கணிக்கும் முறையைப் படிப்படியாகப் பட்டியலிட்டார். பாபேஜ் முன்னரே இத்தகையன சில எழுதியிருந்தார் என்பர் ஆய்வாளர். ஆயினும் அச்சேறிய முதல் நிரலெனப் பலரும் போற்றுவது இதனையே.

பொறியின் ஆற்றலைப் பொதுவாகப் புகழ்ந்துவிட்டு அவர் நின்றுவிடவில்லை. திட்டமான ஒரு கணக்கை எடுத்துச் செய்து காட்டினார். எந்தப் படியில் எந்த மாறியின் மதிப்பு மாறும், எந்தப் படிகள் மீண்டும் மீண்டும் வரும் என்றெல்லாம் தாளிலேயே வரைந்தார். தொடக்க மாணவருக்கும் இதுவே ஏற்ற வழி எனக் கருதுகிறேன். வாய்பாடு அச்சிடும் நிரல் மடக்கினைக் கற்பிக்கும். மதிப்பெண்களின் சராசரி காணும் நிரல் மாறியை விளக்கும். ஒன்று முதல் நூறுக்குள் மறைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில், பெரிதா சிறிதா என்னும் விடையைக் கொண்டு எல்லையைப் பாதி பாதியாகக் குறைத்தால் ஏழு முயற்சிக்குள் எண் அகப்படும்; நிபந்தனையின் பயன் அப்போது புலனாகும். இவை மூன்றையும் முதலில் தாளில் எழுதி, மாறிகளின் மதிப்பைப் படிதோறும் குறித்துப் பார்க்கலாம். கணினி கிட்டும் நேரம் குறைவென்று கற்றலை ஒத்திப்போட வேண்டியதில்லை அன்றோ!

அச்சான அப்பட்டியலின் நான்காம் படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறியுள்ளன. ஓட்டிப் பார்க்கப் பொறி இல்லாததால் பிழை அன்று வெளிப்படவில்லை. ஆதலின் தாளில் எழுதியதைக் கணினியில் ஓட்டிச் சரிபார்ப்பதும் நம் கடமையே.

1852 நவம்பர் 27-ஆம் நாள், தம் 36-ஆம் வயதில், புற்றுநோயால் அம்மையார் மறைந்தார். தம் விருப்பப்படியே, நினைவறியாப் பருவத்தில் பிரிந்த தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பொறி உருவாகவில்லை, நிரல் நிலைத்தது. நம் மேசையிலோ கணினி இருக்கிறது. முதல் நிரலை இன்றே எழுதுவோம், நண்பர்களே!