தியாகராசர்

காவிரி வளம் சுரக்கும் தஞ்சை நாட்டில் திருவையாற்றை இசையுலகம் தொழும் ஊராக்கியவர் தியாகராசர். அவர் 1767ஆம் ஆண்டு திருவாரூரில் தோன்றினார். தந்தையார் இராமப்பிரம்மம், தாயார் சீதம்மாள். இளமையிலேயே திருவையாற்றுக்கு வந்து, சொண்டி வேங்கடரமணையரிடம் இசை பயின்றார்.

அவர் தெருத்தோறும் இறைவன் திருப்பெயரைப் பாடிச் செல்வார். இல்லறத்தார் இடும் அரிசியே அன்றைய உணவு. நாளைக்கென ஒன்றும் சேர்த்து வையாத இவ்வொழுக்கத்தை உஞ்சவிருத்தி என்பர். நான்கு தந்திகளையுடைய தம்புராவை ஏந்திய கோலத்திலேயே ஓவியர் அவரைத் தீட்டுவர். உக்ரைன் நாட்டிலும் கோப்சார் எனப்படும் இசைவாணர், பெரும்பாலும் கண்ணிழந்தோர், தந்திக் கருவியை மீட்டி ஊர்தோறும் பாடி வாழ்ந்தனர். நம் பழம் பாணரும் யாழேந்திப் புரவலரை நாடிச் சென்றனர். தியாகராசரோ, புரவலரே நாடியபோதும் இசைந்திலர்.

தஞ்சை மன்னர் சரபோசி பெரும்பொருள் அளித்து அவரை அவைக்கு அழைத்தார் என்பர். இல்லத்தில் வறுமை, தமையனாருக்கோ செல்வத்தில் விருப்பம். எனினும், இறைவனைப் பாடிய நாவால் மனிதரைப் பாட மனமின்றி அவர் பரிசிலை மறுத்தார். சினங்கொண்ட தமையனார், தம்பி வழிபட்ட இராமர் திருவுருவங்களைக் காவிரியில் எறிந்தார் என்றும், தியாகராசர் நெடுநாள் உருகிப் பாடித் தேடி, அவற்றை மீண்டும் பெற்றார் என்றும் வழிவழியாகக் கூறுவர்.

அவர் 1847ஆம் ஆண்டு மறைந்தார். அவர்தம் பாடல்களைச் சீடர்கள் ஏட்டில் எழுதிக் காத்தனர். காவிரிக்கரையில் அவர் அடங்கிய இடத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பி, குடமுழுக்குச் செய்வித்தார். அங்கே ஆண்டுதோறும் இசைவாணர் கூடிப் பாடுகின்றனர்.

மன்னர் பொன்னை அவர் ஏற்றிருப்பின் அது என்றோ செலவாகியிருக்கும். அவர் ஈட்டிவைத்த இசைச்செல்வமோ, எடுக்க எடுக்கக் குறையாது இன்றும் நிற்கின்றது.