அன்டோனியோ டி டொரெஸ்

அன்டோனியோ டி டொரெஸ் ஹுராடோ (ஜூன் 13, 1817 – நவம்பர் 19, 1892) ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கிதார் செய்கலைஞர் ஆவார். இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் செவ்வியல் கிதாரின் அளவும் வடிவமும் பெரும்பாலும் இவரது சிறு பட்டறையில் உருப்பெற்றவையே. வயலின் வரலாற்றில் ஸ்ட்ராடிவாரி பெற்றுள்ள இடத்தைக் கிதார் வரலாற்றில் இவர் பெற்றுள்ளார் எனக் கருதப்படுகின்றது.

இளமை

டொரெஸ் தெற்கு ஸ்பெயினில் அல்மேரியா நகருக்கு அருகிலுள்ள லா கன்யாடா என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை வரி வசூலிக்கும் பணியில் இருந்தவர். 12 ஆவது வயதில் டொரெஸ் தச்சுத் தொழில் பழகத் தொடங்கினார். 1833 இல் ஸ்பெயினில் அரியணை உரிமை தொடர்பான உள்நாட்டுப் போர் மூண்டபோது படைக்கு அழைக்கப்பட்டார். மணமாகாத ஆண்களே முதலில் படையில் சேர்க்கப்பட்டமையால், அதிலிருந்து தப்புவிக்கும் பொருட்டுக் குடும்பத்தினர் 1835 இல் இவருக்கு அவசரமாகத் திருமணம் செய்துவைத்தனர். மணமகளுக்கு அப்போது வயது 13 மட்டுமே.

இம்மணத்தில் பிறந்த மூன்று பெண்குழந்தைகளில் இருவர் சிறு வயதிலேயே இறந்தனர். கடன் சுமையும் தொடர்ந்தது. 1845 இல் மனைவி காசநோயால் காலமானார். பின்னர் டொரெஸ் பிழைப்புத் தேடி செவில் நகருக்குச் சென்றார்.

செவில் பட்டறை

1850களில் செவில் நகரில் இவர் கிதார் செய்வதை முழுநேரத் தொழிலாகக் கொண்டார். அல்மேரியாவைச் சேர்ந்த கிதார் கலைஞர் ஹுலியன் அர்காஸ் இவரை ஊக்குவித்ததுடன், இசைப்பவரின் பார்வையில் அறிவுரைகளும் வழங்கினார். 1856 இல் செய்த லா லியோனா என்னும் கிதார் இவரது சிறந்த படைப்புகளுள் ஒன்று. 1858 இல் செவிலில் நடந்த கண்காட்சியில் இவரது கிதாருக்குப் பதக்கம் கிடைத்தது.

1869 இல், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பிரான்சிஸ்கோ தாரெகா மலிவான கிதார் ஒன்றை வாங்கும் எண்ணத்துடன் இவரிடம் வந்தார். அவ்விளைஞரின் வாசிப்பைக் கேட்ட டொரெஸ், விற்பனைக்கு வைத்திருந்தவற்றை விடுத்து, 1864 இல் செய்து தம்மிடம் வைத்திருந்த உயர்ந்த கிதாரை அவருக்கு அளித்தார் என்பர். தாரெகா அக்கருவியைப் பல்லாண்டுகள் வாசித்தார்.

தொழில்நுட்பம்

தஞ்சாவூர் வீணையின் குடம் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. கிதாரின் உடலோ மெல்லிய பலகைகளைச் சூட்டினால் வளைத்து ஒட்டிச் செய்யப்படுவது. இதன் மேற்பலகை மெல்லியதாக இருந்தால் நன்கு அதிரும். ஆனால் தந்திகளின் இழுவிசையால் அது கோணக்கூடும். தடித்ததாக இருந்தால் கோணாது. ஆனால் ஒலி மங்கும். இச்சிக்கலைத் தீர்ப்பதே கிதார் செய்வோரின் முதன்மைப் பணியாக இருந்தது.

டொரெஸ் உடலைப் பெரிதாக்கி, மேற்பலகையை மெல்லியதாக இழைத்து, சற்றே குவிந்த வடிவம் தந்தார். அதன் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் ஏழு மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டினார். விசிறிச் சட்டங்களைக் கண்டுபிடித்தவர் இவரல்லர். 18 ஆம் நூற்றாண்டிலேயே அவை ஸ்பெயினில் வழக்கில் இருந்தன. அம்முறையைச் செம்மைப்படுத்தியதே இவரது பங்களிப்பாகும். அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் என்பதும் இவரது கருவிகள் வழியாகவே நிலைபெற்றது.

ஒலிக்கு மேற்பலகையே முதன்மையானது என்பதைக் காட்ட, 1862 இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையால் அமைத்து ஒரு கிதார் செய்தார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

பீங்கான் கடையும் இரண்டாம் காலமும்

பதக்கமும் பெயரும் கிடைத்தும் வறுமை நீங்கவில்லை. 1868 இல் மறுமணம் செய்துகொண்ட டொரெஸ், 1870 அளவில் பட்டறையை மூடிவிட்டு அல்மேரியாவுக்குத் திரும்பி, பீங்கான் மற்றும் கண்ணாடிப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றை நடத்தினார். சில ஆண்டுகள் கிதார் செய்வதை அறவே விட்டிருந்தார்.

1875 அளவில் கடை வேலைக்கு இடையே மீண்டும் உளியைக் கையிலெடுத்தார். இதன் பின்னர் செய்த கருவிகளில் இரண்டாம் காலம் என்னும் குறிப்புடன் வரிசை எண்ணும் இட்டார். 1883 இல் இரண்டாம் மனைவியும் இறந்த பின்னர், ஆண்டுக்குச் சுமார் 12 கிதார்கள் செய்துவந்தார். முதுமையில் கைகள் நடுங்கியதால் நுண்ணிய வேலைகளுக்கு உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் உதவினார். தம் தொழிலின் இரகசியம் பலகையின் தடிப்பை உணரும் விரல் நுனிகளில் உள்ளது என்றும், ஆகவே அதைப் பிறருக்குக் கற்பிக்க இயலாது என்றும் டொரெஸ் கூறியதாக அப்பாதிரியார் பின்னாளில் எழுதிவைத்தார். டொரெஸ் 1892 இல் தமது 75 ஆவது வயதில் காலமானார்.

தாக்கம்

இரகசியம் அவருடன் சென்றாலும் கருவிகள் எஞ்சின. மாட்ரிட்டில் மனுவேல் ராமிரெஸ், ஜெர்மனியில் ஹெர்மன் ஹவுசர் முதலியோர் அவற்றின் அமைப்பைப் பின்பற்றினர். இவ்விருவர் செய்த கிதார்களையே ஆந்த்ரே செகோவியா உலக மேடைகளில் வாசித்தார். அல்மேரியா நகரிலுள்ள கிதார் அருங்காட்சியகம் டொரெஸின் பெயரைத் தாங்கியுள்ளது.