உறைபனியில் ஓர் ஆய்வு

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் 1879ஆம் ஆண்டு ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர் டாக்டர் வூ லியன் தே. பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்ற அவர், உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். சில காலம் பினாங்கில் மருத்துவராகப் பணியாற்றிய பின், 1908இல் சீனாவுக்குச் சென்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகரில் கொள்ளைநோய் பரவியது. நோய் கண்டவர்கள் இரத்தம் கக்கி, சில நாள்களிலேயே இறந்தனர். அரசு வூவை அங்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 31. வெப்பமான பினாங்கில் வளர்ந்த அவர், உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியசையும் தாண்டிய குளிரில் தம் பணியைத் தொடங்கினார்.

எலிகளில் வாழும் தெள்ளுப்பூச்சிகளே கொள்ளைநோயைப் பரப்பும் என்று அக்கால மருத்துவர்கள் நம்பினர். ஆனால், ஹார்பினில் சோதிக்கப்பட்ட எலிகளிடம் நோய்க்கிருமி காணப்படவில்லை. எனவே, நோயால் இறந்த ஒரு பெண்ணின் உடலை வூ அறுத்து ஆராய்ந்தார். சீன மரபு அதை ஏற்காததால், அப்பணி இரகசியமாகவே நடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, நுரையீரலில் கொள்ளைநோய்க் கிருமிகள் காணப்பட்டன. நோய் மூச்சின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று அவர் முடிவு செய்தார். குளிருக்கு அஞ்சி மக்கள் மூடிய அறைகளில் நெருங்கி வாழ்ந்தது, நோய் பரவ ஏதுவாயிற்று.

பஞ்சும் மென்துணியும் கொண்டு செய்த முகக்கவரியை அனைவரும் அணிய வேண்டும் என்று வூ வலியுறுத்தினார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. முகக்கவரி அணியாமல் நோயாளிகளைப் பரிசோதித்த அவர், சில நாள்களில் அந்நோய்க்கே பலியானார். அதன் பிறகே பலரும் வூவின் சொல்லை மதித்தனர்.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. நிலம் பாறைபோல் உறைந்திருந்ததால், 2,000க்கும் மேற்பட்ட சடலங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. இறந்தோரை எரிப்பது அம்மக்களின் மரபுக்கு மாறானது. எனினும், உயிரோடு இருப்பவர்களைக் காக்க வேறு வழியில்லை. பேரரசின் அனுமதி பெற்று, 1911 ஜனவரி 31ஆம் நாள் சடலங்களுக்கு எரியூட்டினார். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது.

1937இல் மலாயா திரும்பிய வூ, ஈப்போவில் மருத்துவராகத் தொண்டாற்றி, 1960இல் பினாங்கில் மறைந்தார். பலரும் நம்பியதை அப்படியே ஏற்காமல், சோதித்து அறிந்த உண்மையின்படி செயல்பட்டதால் எண்ணற்ற உயிர்களை அவரால் காக்க முடிந்தது.