தானே எழுதும் எழுதுகோல்: ஜகதீச சந்திர போஸ்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன், நெய்க்காரப்பட்டி

ஆலைக் கொதிகலன் அருகே சுவரில் ஒரு பதிவுக் கருவி இருக்கும். வட்டத் தாள் ஒன்றைக் கடிகாரப் பொறி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்ற வைக்கும். நீராவி அழுத்தம் ஏறினால் வளைந்த உலோகக் குழாய் சற்றே நிமிரும். அதனுடன் பிணைத்த பேனா தாளில் கோடிடும். ஓரத்துப் பேனா ஒன்று, மோட்டார் ஓடியதையும் நின்றதையும் குறித்து வைக்கும். நள்ளிரவில் அழுத்தம் தாழ்ந்ததா என்பதைக் காலையில் வருபவர் யாரையும் கேளாமலே அறியலாம்.

இக்கலையைச் செடிகளிடம் கொண்டு சென்றவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்.

அவர் 1858 நவம்பர் 30-இல் வங்காளத்தில் பிறந்தார். தந்தை அரசு அதிகாரி. எனினும் மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். மீனவர் மகனும் ஏவலாளர் மகனும் அங்கே அவருடைய தோழர்கள். கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். இந்தியர் என்பதாலும் தற்காலிகப் பணி என்பதாலும் ஐரோப்பியர் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கே தர முன்வந்தனர். மூன்றாண்டுகள் ஊதியத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். முடிவில் முழு ஊதியமும் முன்தேதியிட்டு வழங்கப்பட்டது.

மின்காந்த அலைகளில் புகழ் பெற்ற பின், தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1901-இல் லண்டனில் அவர் கூறியதை உடலியல் அறிஞர் சிலர் ஏற்கவில்லை. எனவே செடியே எழுதட்டும் என்று துணிந்தார்.

அங்கே ஓர் இடர் இருந்தது. இலையின் வலிமை மிகச் சிறிது. எழுதுமுனை ஓயாமல் உரசினால் அந்த உராய்வே அசைவைத் தின்றுவிடும். ஆகவே, புகைக்கரி பூசிய கண்ணாடித் தகட்டை முனை விட்டு விட்டுத் தொடுமாறு அமைத்தார். கோட்டுக்குப் பதில் புள்ளிகள் விழுந்தன, உராய்வு ஒழிந்தது. முனை வினாடிக்கு 100 முறை அதிர்ந்தால், இரு புள்ளிகளுக்கு இடையே வினாடியில் நூறில் ஒரு பங்கு. புள்ளிகளே கடிகாரமும் ஆயின! ஆலைப் பதிவுக் கருவிகள் சிலவற்றிலும் இம்முறை உண்டு: தடையின்றி ஆடும் முள்ளை ஒரு சட்டம் இடைவிட்டு அழுத்தித் தாளில் புள்ளியிடும். போஸின் 'கிரெஸ்கோகிராப்' செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டியது.

இதில் என் மனம் தோய்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கரும்பு வெட்டும் என் தந்தை தாம் வெட்டிய கட்டுகளை மனத்தில் எண்ணி வைத்திருப்பார். கணக்கு நோட்டில் வேறு எண் இருக்கும். கைநாட்டு வைத்துவிட்டுக் கொடுத்ததை வாங்கி வருவார். எழுதத் தெரிந்தவர் எழுதியதே கணக்கு! எவர் பக்கமும் சாயாமல் எழுதும் ஒரு முனையின் அருமை, எழுதத் தெரியாதவர் வீட்டுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

1920-இல் லண்டனில் விஞ்ஞானிகள் குழு ஒன்று கிரெஸ்கோகிராபை நேரில் சோதித்து, அதன் பதிவு சரியே என்று அறிவித்தது. அவ்வாண்டே போஸ் ராயல் கழக உறுப்பினரானார். 1917-இல் கல்கத்தாவில் அவர் நிறுவிய போஸ் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. 1937 நவம்பர் 23-இல் அவர் மறைந்தார்.

செடிகளில் மின் துடிப்புகள் உண்டு என்பதை இன்றைய அறிவியல் ஏற்கிறது. சாறு மேலேறுவது பற்றிய அவருடைய விளக்கத்தை ஏற்கவில்லை. பதிவு வேறு, அதற்கு நாம் கூறும் பொருள் வேறு. பொருள் மாறலாம், நேர்மையான பதிவு நிற்கும்.

இன்று பல ஆலைகளில் தாளின் இடத்தைக் கணினித்திரை பிடித்துவிட்டது. ஆயினும் நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் விடையை முன்பே அறிந்து அளவைத் திருத்தி எழுதத் தோன்றும் வேளையில், கரித் தகட்டில் விழுந்த அப்புள்ளிகளை நினைவில் கொள்வோம். கண்டதை எழுதுவோம், பிறகு வாதாடுவோம்.