மலரின் மறைபொருள் கண்டவர்

மலர்கள் மாந்தர்தம் கண்ணுக்கு விருந்தாகவே பூக்கின்றன என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், அவற்றின் நிறமும் மணமும் தேனும் யாருக்காக என்று வினவியவர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல். இவர் 1750ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராண்டன்பர்க் நகரில் பிறந்தார். இறையியல் பயின்ற இவர், 1780இல் ஸ்பாண்டாவ் நகரப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

1787இல் காட்டு ஜெரேனியம் மலரின் இதழடியில் நுண்ணிய மயிர்களைக் கண்டார். அவை தேனில் மழைநீர் கலவாமல் காப்பதை உணர்ந்தார். மறு ஆண்டு, மற்றொரு சிறு மலரின் வாயைச் சூழ்ந்திருந்த மஞ்சள் வளையம் பூச்சிகளுக்குத் தேனிருக்கும் வழியைக் காட்டுவதாகத் தெளிந்தார்.

அக்காலத் தாவரவியலில் மலரின் பல்வேறு உறுப்புகளும் தேன்சுரப்பி என்னும் ஒரே பெயரால் சுட்டப்பட்டன. பெயர் மயங்கின் பொருளும் மயங்கும் அன்றோ? ஸ்பிரெங்கல் தேனைச் சுரக்கும் உறுப்பு, தேக்கும் இடம், காக்கும் மூடி, வழிகாட்டும் குறி என நான்கையும் பிரித்துத் தனித்தனிப் பெயரிட்டார். ஒரே மலரில் மகரந்தப்பையும் சூலகமுடியும் வெவ்வேறு காலங்களில் முதிர்வதைக் கண்டு, அதனை ‘டைக்கோகமி’ என்றார். இதுவே இன்று இருகால முதிர்வு எனப்படுகிறது. தேனும் வண்ண இதழும் இன்றி, மிகுந்த மகரந்தத்தைக் காற்றில் தூவும் மலர்களையும் வேறுபடுத்திக் காட்டினார்.

ஏறத்தாழ 460 தாவர இனங்களை ஆராய்ந்து, 25 செப்புத்தகட்டுப் படங்களுடன் 1793இல் தம் நூலை வெளியிட்டார். அறிஞருலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டே பள்ளிப் பணியையும் இழந்தார். பின்னர்ச் சிறு ஓய்வூதியத்துடன் பெர்லினில் வாழ்ந்து, தம் உழைப்பின் பெருமை உணரப்படாத நிலையிலேயே 1816இல் மறைந்தார்.

கால் நூற்றாண்டு கழிந்தது. 1841இல் ராபர்ட் பிரௌனின் பரிந்துரையால் சார்லஸ் டார்வின் அந்நூலைப் பயின்றார். தன் மகரந்தத்தை மலர் ஏன் தவிர்க்கிறது என்பது ஸ்பிரெங்கலுக்கு விளங்காத புதிராக இருந்தது. அயல் மகரந்தச்சேர்க்கையால் தோன்றும் செடிகள் பெரும்பாலும் வளமுடன் வளர்வதைப் பல்லாண்டுச் சோதனைகளால் நிறுவி, டார்வின் அதற்கு விடை கண்டார். முன்னோடியின் பெருமையையும் உலகறியச் செய்தார்.

கூர்ந்து காண்பதும், கண்டதற்குப் பொருத்தமான பெயரிடுவதும் அறிவியலின் இரு கண்கள். அவ்விரண்டையும் பெற்றிருந்த அப்பள்ளி ஆசிரியர் இட்ட பெயர், இன்றும் உலகெங்கும் தாவரவியல் வகுப்பறைகளில் ஒலிக்கின்றது.