ஏற்காடு ரோட்டில் யாருக்கு முதல் வழி? கார் ஓட்டத் தெரியாதவர் தொடங்கிய கதை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எல்லா வளைவிலும் போலீஸ் நிற்க முடியாது. விதி தெரிந்தால்தான் தப்பிக்கலாம். சாலை விதிகளை எழுதிவைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் போராடியவர் வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ.

1858-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 9 வயதில், கொஞ்சம் குதிரை வண்டிகளே தெருவை அடைத்து நின்றதைப் பார்த்தார். யார் முதலில் போவது என்று யாருக்கும் தெரியவில்லை, அதுதான் சிக்கல்.

1903-ல் அவர் எழுதிய விதிகளை நியூயார்க் ஏற்றது. மெதுவா போற வண்டி ஓரமா போகணும் என்பது அதில் ஒன்று. ரவுண்டானாவில் எல்லா வண்டியும் ஒரே திசையில் சுற்றணும் என்றும் வலியுறுத்தினார். இத்தனைக்கும் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. 1945-ல் இறந்தார்.

சாலைக்குச் சாலை விதி மாறும். குறுகலான மலைப்பாதையில் இறங்குற வண்டிதான் ஓரமா நின்று, ஏறுற வண்டிக்கு வழிவிடணும். இந்தியாவின் 2017 ஒழுங்குமுறையும் இதையே சொல்கிறது. காரணம், ஏற்றத்தில் நின்ற வண்டியைத் திரும்பக் கிளப்புவது கஷ்டம். பின்னால் உருளும் ஆபத்தும் உண்டு.

இந்த வீக்எண்ட் ஏற்காடு போறீங்களா? இறங்கும்போது இதை மறக்காதீங்க.