முதலாண்டு வகுப்பில் ஒரு பேராசிரியர்

கல்லூரி திறக்கும் பருவத்தில் ஒவ்வொரு வேதியியல் துறையிலும் கால அட்டவணை ஒன்று தயாராகும். முதுநிலை வகுப்புகளும் ஆய்வு மாணவர்களும் மூத்த பேராசிரியர்களுக்கு. இளநிலை முதலாண்டு, அண்மையில் பணியில் சேர்ந்தவருக்கு. முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்த நானும் இதற்கு விலக்கல்ல. பணிமூப்பு வந்ததும் நான் முதலில் கைகழுவியது முதலாண்டு வகுப்பைத்தான். அது எத்தகைய பிழை என்பதை, ஓய்வு பெற்றபின் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராயின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் உள்ள ராருலி என்னும் சிற்றூரில் 1861 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தவர் ராய். கொல்கத்தாவில் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். அறிவியல் பாடங்களுக்கு மட்டும் வெளி மாணவராக மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். அங்கு அலெக்சாண்டர் பெட்லர் வகுப்பறை மேசை மீதே செய்து காட்டிய சோதனைகள் அவரை ஆட்கொண்டன. பார்த்ததைத் தாமும் செய்ய விரும்பி, வகுப்புத் தோழர் ஒருவரின் அறையில் சிறு ஆய்வகம் அமைத்தார். அதில் ஒருமுறை அவர்கள் ஆக்கிய கருவி வெடித்ததும் உண்டு. இலக்கியத்திலும் வரலாற்றிலும் நாட்டம் கொண்டிருந்த அந்த இளைஞரை வேதியியலின் பக்கம் திருப்பியவை அந்த இளநிலை வகுப்புகளே.

1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோவுக்குச் சென்ற ராய், 1887-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு தாயகம் திரும்பியவருக்கு உடனடியாக வேலை கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காத்திருப்புக்குப் பின், 1889-இல் மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியராக அமர்ந்தார். அதே தகுதியுடைய ஆங்கிலேயருக்கு உரிய உயர்பதவி இந்தியரான அவருக்கு அளிக்கப்படவில்லை. அந்த அநீதியை அவர் மறக்கவில்லை. ஆயினும் அதன் சுமையை மாணவர்மீது இறக்கி வைக்கவுமில்லை.

தொடக்கநிலை வகுப்புகளை அவர் தாமே விரும்பி எடுத்தார். புகழ் பெற்ற பின்னரும் அவற்றை விட்டுவிடவில்லை. பள்ளியிலிருந்து வரும் இளம் மனம் ஈரக் களிமண் போன்றது, அப்போதுதான் அதற்கு வடிவம் தர இயலும் என்பது அவர் கருத்து. ஒரு விரிவுரைக்கு முன், காட்டவிருக்கும் சோதனைகளைத் தாமே செய்து பார்த்துக்கொள்வார். எலும்பை எரித்த சாம்பலை வகுப்புக்குக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகையைத் தம் வாயில் இட்டுக்கொள்வார் என்று அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். எரிந்தபின் எஞ்சுவது கால்சியம் பாஸ்பேட் என்னும் சேர்மம். அது எந்த விலங்கின் எலும்பு என்ற கேள்விக்கோ, தீட்டுக்கோ அங்கு இடமில்லை. பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோகும் செய்தி, ஆசாரம் மிகுந்த வீடுகளிலிருந்து வந்த மாணவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்குமான பாடமாயிற்று.

அவருடைய ஆய்வும் அதே கண்ணோட்டத்தில் பிறந்ததுதான். பாதரசத்தின் மீது குளிர்ந்த, நீர்த்த நைட்ரிக் அமிலத்தை வினைபுரியச் செய்து மெர்குரஸ் நைட்ரேட்டைத் தயாரிக்க முயன்றபோது, எதிர்பாராத மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. அவற்றைப் பிழையென ஒதுக்காமல் ஆராய்ந்தார். அவை மெர்குரஸ் நைட்ரைட் என்று கண்டறிந்து 1896-இல் வெளியிட்டார். எது வரவேண்டும் என்பதை விட எது வந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அது.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். உப்புப் பகுப்பாய்வு நாளில், தமக்குத் தரப்பட்ட உப்பு எதுவென்று ஆய்வக உதவியாளரிடம் முன்னதாகவே கேட்டறிந்து, விடையிலிருந்து பின்னோக்கிச் செய்முறையை எழுதிய மாணவர்களை நான் அறிவேன். கண்டும் காணாதவனாக இருந்தேன். சோதனைக் குழாயில் வேறு நிறம் வந்தாலும் ஏட்டில் சரியான நிறத்தையே எழுதினார்கள். நானும் மதிப்பெண் இட்டேன். மூன்றாண்டுகள் அப்படிப் பயின்றவரிடம், பின்னாளில் நேர்மையான ஆய்வை எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

ராயின் வகுப்பு என்ன விளைத்தது என்பதை வரலாறு காட்டுகிறது. நீல் ரத்தன் தர், ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி ஆகிய வேதியியலாளர்கள் அவரிடம் பயின்றவர்கள். இயற்பியலில் உலகப் புகழ் பெற்ற மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் கூட மாநிலக் கல்லூரியில் அவருடைய மாணவர்களே. வேதியியல் படித்தோர் அரசு வேலைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று காட்டவே, 1892-இல் சுமார் 700 ரூபாய் முதலீட்டில், தாம் குடியிருந்த வீட்டிலேயே பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1916-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து விலகி, பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். அறுபது வயது நிறைந்த 1921 முதல், 1936-இல் ஓய்வு பெறும்வரை, தம் ஊதியத்தை வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே அளித்தார். திருமணம் செய்துகொள்ளாத அவர், அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் ஓர் அறையிலேயே, மாணவர்கள் சூழ, எளிமையாக வாழ்ந்தார். 1944 ஜூன் 16 அன்று உயிர் பிரிந்ததும் அங்கேதான்.

இளநிலை வேதியியலை வேறு இடம் கிடைக்காதவர் சேரும் படிப்பாகப் பலர் கருதும் காலம் இது. பாடத்திட்டத்தை மாற்றுவது பற்றியும் கருவிகள் வாங்குவது பற்றியும் நிறையப் பேசுகிறோம். அவை தேவைதான். ஆனால் செலவில்லாத ஒரு மாற்றமும் உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் துறையின் மிக மூத்த பேராசிரியர், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது முதலாண்டு வகுப்பில் நின்று, ஒரு சோதனையைத் தம் கையால் செய்து காட்டட்டும். சோதனை தவறிப்போனால், ஏன் தவறியது என்று மாணவர்களோடு சேர்ந்து தேடட்டும்.

எனக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. இப்போது கால அட்டவணை எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் இருக்கிறது.